பட்டர் காபியில் ஆறு கிலோ குறைந்தது, கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது: தொடரலாமா, விடலாமா?

கொங்குப் பகுதியிலிருந்து 42 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்பு அவருடைய எடை 78 கிலோ, உயரம் 156 செ.மீ., எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1. அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது. உடன் வேலை பார்க்கும் தோழி ஒரு வாட்ஸ்அப் டயட் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து காலை டிபன் கிடையாது. கெட்டி டிகாஷனில் நெல்லிக்காய் அளவு வெண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் செக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு மிக்ஸியில் நுரைக்க அடித்து ஒரு டம்ளர். மதியம் காய்கறியும் கொஞ்சம் சோறும், பள்ளி விட்டு வந்ததும் மறுபடி ஒரு டம்ளர், இரவு ஏழு மணிக்குள் முட்டை அல்லது பனீர். இப்போது எடை 72, எச்பிஏ1சி 5.8. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, ரவிக்கை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனைதான் அந்தச் சந்தோஷத்தைக் கலைத்திருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 214-லிருந்து 284, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல் 132-லிருந்து 196. தைராய்டு மாத்திரையை ஒரு நாள் கூட விடாமல் போட்டும் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) 3.1-லிருந்து 8.4-க்குப் போயிருக்கிறது. டாக்டர் பட்டர் காபியை நிறுத்தச் சொல்லி கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் எழுதியிருக்கிறார். குழுவில் கேட்டால், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 180-லிருந்து 160 ஆகியிருக்கிறது, நல்ல கொலஸ்ட்ரால் என்னும் எச்டிஎல் 46-லிருந்து 56 ஆகியிருக்கிறது, இதுதான் முக்கியம், எல்டிஎல் வெறும் எண், மாத்திரை கம்பெனிகள் கிளப்பிவிட்ட பயம் என்கிறார்கள். மாத்திரைச் சீட்டு இன்னும் கைப்பையிலேயே இருக்கிறது. அவருடைய அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார். ஆறு வருடமாகச் சுகருக்கு மாத்திரை சாப்பிடும் கணவருக்கு அடுத்த மாதத்திலிருந்து இதே டயட்டை ஆரம்பிக்கப் போகிறாராம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு, மூளைக்கு நல்லது என்று பரீட்சை நாட்களில் அரை டம்ளர் கொடுக்கிறாராம்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது உங்கள் கொலஸ்ட்ராலைப் பற்றி. ஆனால் நான் உங்கள் கணவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் எல்டிஎல் பிரச்சினைக்குச் சில வாரங்கள் அவகாசம் இருக்கிறது, கணவர் விஷயத்தில் அந்த அவகாசம் கிடையாது.

கணவருக்கு இப்போது ஆரம்பிக்க வேண்டாம்

அவர் சாப்பிடும் மாத்திரைகளாக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் என்று மூன்றை எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. டாபாகிளிஃப்ளோசின் நல்ல மருந்துதான். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தரும். 2020-க்குப் பிறகு விலை குறைந்ததால் இன்று நம் ஊரில் ஏராளமானவர்கள் இதைச் சாப்பிடுகிறார்கள். ஆனால் இந்த வகை மாத்திரை உடம்பை ஏற்கெனவே கீட்டோன் (சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) உண்டாக்கும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கும். அதன் மேல் நீங்கள் இட்லி, சோறு எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்தி வெண்ணெயும் எண்ணெயும் மட்டும் கொடுத்தால், இன்சுலின் இறங்கி, கீட்டோன் கட்டுக்கடங்காமல் ஏறி, ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். கீட்டோஅசிடோசிஸ் என்ற இந்த நிலைக்கு ஐசியூவில் வைத்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இந்த வகை மாத்திரைகளுக்கு இப்படி ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், வழக்கமாக இந்த நிலை வந்தால் சுகர் 300, 400 என்று எகிறும், வீட்டிலிருப்பவர்களே பதறிப் போய்க் கூட்டிக்கொண்டு ஓடுவார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில சமயம் மீட்டரில் 160, 180 என்றுதான் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, அசதி, மூச்சு வாங்குதல் எல்லாம் இருக்கும், ஆனால் "சுகர் நார்மலாத்தானே இருக்கு, ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை போல" என்று ஒரு நாள் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் பார்ப்பார்கள். அந்தத் தாமதம்தான் உயிருக்கு உலை வைப்பது. அவருக்கு எப்போதாவது இப்படி வந்தால் சுகர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையில் கொண்டுபோய், கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிந்தால் அது இந்த வகைதான். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள், அதனால் முழுப் பெயரையும் படிக்க வேண்டும்.

கிளிமிபிரைடு வேறு மாதிரி. காலையில் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லிக்குப் பதில் வெண்ணெய்க் காபி குடித்தால், மாத்திரை பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும், ஆனால் குறைப்பதற்கு அங்கே சாப்பாட்டிலிருந்து வந்த சர்க்கரை இருக்காது. வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். டூவீலரில் வேலைக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நடுரோட்டில் இப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஆகும்போது உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுக்க வேண்டும். பட்டர் காபியில் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்தால் ஆகாது, கொழுப்பு கூட இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும்.

மாவுச்சத்தைக் குறைப்பது சுகர்காரர்களுக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை, பலருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முதலில் டாக்டரிடம் போய் "இப்படிச் சாப்பிடப் போகிறோம்" என்று சொல்லி, எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் சாப்பாட்டை மாற்ற வேண்டும். டயட்டுக்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம், அதுவும் ஆபத்து.

எடை எதனால் குறைந்தது?

சரி, உங்களுக்கு வருவோம். ஆறு கிலோ குறைத்ததும் எச்பிஏ1சி 5.8-க்கு வந்ததும் உண்மையான வெற்றி. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன், நீங்களும் "எல்லாம் வீணா போச்சு" என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்த வெற்றி வெண்ணெயால் வந்தது என்று நீங்கள் நம்புகிறீர்கள், அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டுமே 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஸ்டாஃப் ரூமில் பிஸ்கட், சாயங்காலம் பேக்கரி பஃப்ஸ், இரவு பத்து மணிக்கு சீரியல் பார்த்துக்கொண்டே மூன்று நான்கு தோசை. இவ்வளவையும் நிறுத்தியிருக்கிறீர்கள். இவ்வளவு நிறுத்தினால் யாருக்கும் எடை குறையும், சுகரும் இறங்கும். பட்டர் காபியின் கணக்கைப் பாருங்கள்: நெல்லிக்காய் அளவு வெண்ணெய் 20 கிராம் என்று வைத்தால் சுமார் 140 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் 120 கலோரி. ஒரு டம்ளர் 260, இரண்டு டம்ளருக்கு 520. நாலைந்து இட்லிக்கு உள்ள கலோரி ஒரு டம்ளரிலேயே இருக்கிறது, ஆனால் அதில் புரதம் இல்லை, நார்ச்சத்து இல்லை. அதைக் குடித்ததால் எடை குறைந்தது என்பதைவிட, அதைக் குடித்தும் குறைந்தது என்பதுதான் சரி.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். காலையில் குடித்தால் மதியம் வரை பசிக்கவில்லை என்கிறீர்கள், அது நிஜம். கொழுப்பு வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கும், காபியும் பசியை மட்டுப்படுத்தும். ஆனால் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் அதே வேலையைச் செய்யும், அதோடு 18, 20 கிராம் புரதமும் கொடுக்கும். எடை குறையும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது சுலபமில்லை. அதனால் காலையில் புரதம் முக்கியம் என்று சொல்கிறேன்.

இது குடித்தால் விரதம் கலையாது என்று குழுவில் சொல்வதிலும் பாதிதான் உண்மை. வெண்ணெய் இன்சுலினை அதிகம் ஏற்றாது, அது வரைக்கும் சரி. ஆனால் உடம்புக்கு 260 கலோரி வந்தால் முதலில் அதைத்தான் எரிக்கும், இடுப்பில் இருப்பதை இல்லை. கீட்டோன் ஸ்ட்ரிப் நிறம் மாறுகிறது என்று ஃபோட்டோ அனுப்பியிருந்தீர்கள், அந்தக் கீட்டோனில் ஒரு பகுதி நீங்கள் குடித்த கொழுப்பிலிருந்தே வந்திருக்கலாம்.

அப்புறம் செக்கு எண்ணெய். எம்சிடி எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஒன்றுதான் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றில்லை. எம்சிடி என்று கடையில் விற்பது எட்டு, பத்து கார்பன் நீளமுள்ள கொழுப்பு. அது குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரியும். தேங்காய் எண்ணெயில் அது ஏழில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது, ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி மற்ற கொழுப்புகளைப் போலத்தான் உடம்பில் சேரும். செக்கில் ஆட்டினாலும் மெஷினில் ஆட்டினாலும் இது மாறாது. அதற்காக விலை கொடுத்து எம்சிடி பாட்டில் வாங்க வேண்டாம். சின்ன ஆய்வுகளில் எடை ஓரளவு குறைந்தது உண்மைதான், ஆனால் அது மற்ற எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைக் கொடுத்தபோது. இருக்கிற சாப்பாட்டின் மேல் சேர்த்து ஊற்றியபோது இல்லை.

திபெத்தியர்கள் காலம் காலமாக வெண்ணெய் டீ குடிக்கிறார்களே என்றும் கேட்டிருக்கிறீர்கள். டேவ் ஆஸ்ப்ரி என்ற அமெரிக்கர் திபெத்தில் அந்த டீயைக் குடித்துவிட்டு வந்து, 2009 வாக்கில் காபியில் வெண்ணெயும் எம்சிடி எண்ணெயும் சேர்த்து இணையத்தில் எழுதினார், பிறகு அதையே வியாபாரமாகவும் ஆக்கினார். நம் ஊருக்கு அது பேலியோ டயட் குழுக்கள் வழியாக, பெரும்பாலும் பட்டர் டீயாக வந்து சேர்ந்தது. ஆனால் திபெத்திலும் லடாக்கிலும் அதைக் குடிக்கிறவர்கள் எலும்பை உறைய வைக்கும் குளிரில், மூவாயிரம் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் மாடு மேய்க்கிறவர்கள், உழைக்கிறவர்கள். உப்புப் போட்ட டீயில் யாக் வெண்ணெயைக் கடைந்து, வறுத்த பார்லி மாவையும் பிசைந்து சாப்பிடுவார்கள். உடம்பில் சூடும் தெம்பும் தங்க வேண்டும் என்று குடிப்பது அது, எடையைக் குறைக்க இல்லை.

196 வெறும் எண் இல்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கி, வருடக்கணக்கில் கொழுப்புத் திட்டாக மாறுகின்றன. எவ்வளவு அதிகம், எத்தனை வருடம் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் ஆபத்து. இது மாத்திரை கம்பெனி கிளப்பிய பயம் என்றால், பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக இருக்கும் சில குடும்பங்களில், எந்த மாத்திரையும் சாப்பிடாத பிள்ளைகளுக்கு இருபது வயதுக்குள் மாரடைப்பு ஏன் வருகிறது? அந்தக் குடும்பங்களை ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு நேர்மாறாக, மரபணு வாகால் பிறந்ததிலிருந்தே எல்டிஎல் குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு மிகவும் குறைவு. இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

எச்டிஎல் 56 ஆனது நல்லதுதான், ஆனால் அது எல்டிஎல்லைக் கழித்துவிடாது. வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பு எச்டிஎல்லையும் சேர்த்தே ஏற்றும். எச்டிஎல்லை ஏற்றும் மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்தபடி மாரடைப்பு குறையவில்லை.

உங்கள் ஒரு டம்ளரில் வெண்ணெயிலிருந்து 10 கிராம், எண்ணெயிலிருந்து 12 கிராம், ஆக 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு ஏறக்குறைய இதே 22 கிராம்தான். நீங்கள் இரண்டு டம்ளர் குடிக்கிறீர்கள், சாப்பிடுவதும் 2000 கலோரிக்குக் குறைவு. அதற்கு மேல் பனீர் வேறு.

அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், ஒரு டாக்டருக்கு அது மிக முக்கியமான வரி. அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனி ஆபத்துக் காரணியாகவே கணக்கில் எடுப்போம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53 என்றும் மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்றும் தெரிந்தது. நமக்கு ஆறு வருடம் முன்னாலேயே வருகிறது. மற்றவர்கள் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடும் எல்டிஎல்லை நீங்கள் அப்படி விட முடியாது.

இன்னொன்று, உங்கள் ரிப்போர்ட்டே முழுக்க நம்பும்படி இல்லை. ரத்தம் கொடுத்த அன்று காலை ஆறேகாலுக்குப் பட்டர் காபி குடித்துவிட்டு, எட்டு மணிக்கு லேபில் "வெறும் வயிறா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை, அது விரதத்தைக் கலைக்காது என்று நம்பித்தான் சொன்னீர்கள். ஆனால் சுமார் 30 கிராம் கொழுப்பு உள்ளே போய் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த ட்ரைகிளிசரைடு உண்மையான அளவைக் காட்டாது. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள்: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது. உங்களுக்கு 284-லிருந்து 56, அப்புறம் 32, அதுதான் 196. காபி குடிக்காமல் போய் ட்ரைகிளிசரைடு 110 என்று வந்திருந்தால் 22 மட்டும் கழியும், எல்டிஎல் 206 ஆகியிருக்கும்.

உங்கள் பக்கமாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எடை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும் மாதங்களில் சிலருக்குக் கொலஸ்ட்ரால் தற்காலிகமாக ஏறும், பிறகு இறங்கிவிடும். அதனால் இந்த 196 முழுக்க வெண்ணெயின் வேலை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது.

தைராய்டு மாத்திரையும் அந்தக் காபியும்

முன்பு ஆறு மணிக்கு மாத்திரை, குளித்து, சமையலை முடித்து, ஏழு மணிக்குக் காபி. இப்போது மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் பட்டர் காபி. டிஎஸ்எச் ஏறியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தைராக்சின் மாத்திரையைக் காபியோடு போட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. எடை குறைந்தவருக்கு வழக்கமாக அதே அளவு மாத்திரை போதும், சில சமயம் குறைத்துக் கூடக் கொடுப்போம். உங்களுக்கு நேர்மாறாக டிஎஸ்எச் 8.4 ஆகியிருக்கிறது என்றால் மாத்திரை உடம்பில் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தைராய்டு குறைந்தாலே எல்டிஎல் ஏறும். அதாவது அந்தக் காபி இரண்டு வழியாக உங்கள் எல்டிஎல்லை ஏற்றியிருக்கலாம். அந்த முடி கொட்டுவதும், மதியத்துக்கு மேல் வரும் அசதியும் கீட்டோவுக்கு (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறைக்கு) உடம்பு பழகுவதால் வருவது என்று குழுவில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அதுவும் தைராய்டாக இருக்கலாம்.

நாளையிலிருந்தே மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு, முழுதாக ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் சாப்பிடுவதாக இருந்தால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

மகளுக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள்

நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் பரீட்சைக்குப் போகும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் மூளை கூர்மையாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கீட்டோ உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கு 1920-களிலிருந்தே அது ஒரு வைத்தியம், ஆனால் அது மருத்துவமனையில் எடை பார்த்து, ரத்தம் பார்த்து, டயட்டீஷியன் கிராம் கணக்கில் அளந்து கொடுப்பது. வீட்டில் மிக்ஸியில் அடித்துக் கொடுப்பது அந்த வைத்தியம் இல்லை. கெட்டி டிகாஷனில் உள்ள காஃபின் அந்த வயதில் தூக்கத்தைக் கெடுக்கும், படித்தது மனதில் நிற்க அந்தத் தூக்கம்தான் வேண்டும்.

என்னை அதைவிட உறுத்தியது வேறு ஒன்று. "அவளும் குண்டாகிட்டேன்னு சொல்லி டிபன் வேண்டாம்கறா, இதைக் குடிச்சாலே போதும்கறா" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, பருவ வயதுப் பெண் சாப்பாட்டைத் தவிர்க்க ஆரம்பிப்பது சில பிள்ளைகளிடம் பெரிய சிக்கலின் தொடக்கமாக இருக்கும். அவள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். வீட்டில் எடை மெஷினில் ஏறி இறங்கிப் பேசும் பேச்சை அவள் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள், காலையில் அவளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய்விடுவது, தலைசுற்றல், எடை சட்டென்று இறங்குவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், திட்ட வேண்டாம்.

இனி என்ன செய்யலாம்

உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. டாக்டர் எழுதிய ஸ்டாட்டினை இப்போதே ஆரம்பிப்பது ஒன்று. வெண்ணெயையும் எண்ணெயையும் நிறுத்தி, தைராய்டைச் சரிசெய்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நியாயம் உண்டு. எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் மாத்திரை என்பது பொதுவான வழிமுறை, ஆனால் அதற்கு முன் தைராய்டு மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அதே வழிமுறைதான். தைராய்டு குறைந்திருக்கும்போது ஸ்டாட்டின் சாப்பிட்டால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் இதை உங்கள் டாக்டரிடம் போய், பட்டர் காபி, பத்து நிமிட இடைவெளி, லேபில் நடந்தது, அப்பாவின் வயது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள், தேதியும் குறித்துக்கொண்டு வாருங்கள். சீட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது மட்டும் கூடாது.

மறு பரிசோதனையிலும் எல்டிஎல் இறங்கவில்லை என்றால் மாத்திரையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கால்வலி வந்ததாக எழுதியிருந்தீர்கள், சிலருக்கு வரும், மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ பெரும்பாலும் சரியாகும். உங்களைப் போல எச்பிஏ1சி எல்லையில் இருப்பவர்களுக்குச் சுகரைக் கொஞ்சம் ஏற்றலாம் என்பதும் உண்மை, ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது. இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் நீங்கள் செய்த நல்லது எல்லாம் அப்படியே தொடரட்டும்: சர்க்கரை வேண்டாம், பேக்கரி வேண்டாம், இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். மாவுச்சத்தைக் குறைத்தே சாப்பிட விருப்பம் என்றாலும் சரி, கொழுப்பை மட்டும் மாற்றுங்கள். வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பனீர் இருந்த இடத்துக்கு நிலக்கடலை, பாதாம், நல்லெண்ணெய், மத்தி மீன், நெத்திலி வரட்டும். காலையில் இரண்டு முட்டையோடு காய்கறி, அல்லது பருப்பு தூக்கலாகப் போட்ட அடை ஒன்று, அல்லது பச்சைப்பயறுச் சுண்டலும் தயிரும். காபியை விட வேண்டாம், சர்க்கரை இல்லாமல் பால் காபி இரண்டு டம்ளர் தாராளமாகக் குடிக்கலாம். காபிக்கொட்டையிலேயே எல்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும் ஒரு பொருள் உண்டு, பேப்பர் ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நம் எவர்சில்வர் ஃபில்டர் பிடிக்காது. எல்டிஎல் இறங்க அடம்பிடித்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம், இப்போதைக்கு அது சின்ன விஷயம்.

குடித்ததும் சில நாள் வயிறு இளகுகிறது என்று எழுதியிருந்தீர்கள், எண்ணெயை நிறுத்தினால் அது தானாக நிற்கும். வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் மட்டும் ஒரு ஸ்கேன் பாருங்கள், வேகமாக எடை குறைபவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகலாம்.

மறு பரிசோதனையில் கொலஸ்ட்ரால் முழு விவரமும் டிஎஸ்எச்சும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், கூடவே லிப்போபுரோட்டீன் 'ஏ' என்ற, எல்டிஎல் மாதிரியான இன்னொரு கொழுப்புத் துகளின் அளவையும் டாக்டரிடம் கேட்டு ஒரு முறை பாருங்கள். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அப்பாவுக்கு இளம் வயதில் மாரடைப்பு வந்த வீட்டில் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். தைராய்டு மாத்திரையைக் கூட அன்று ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொண்டால் போதும்.